ஆக்டேன் பூஸ்டரும் இருசக்கர வண்டியும்

சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் உள்ள உதிரிபாகக் கடைகள் தொடங்கிச் சிற்றூர்களின் ஆயில் கடைகள் வரை, கையடக்கமான புட்டிகளில் விற்கப்படும் ஆக்டேன் பூஸ்டர்களும், பெட்ரோல் டேங்கில் ஊற்றிக்கொள்ளும் பிற சேர்க்கைப்பொருள்களும் பைக் ஓட்டும் இளைஞர்களிடையே தாராளமாகப் புழங்குகின்றன. பிக்கப் கூடும், மைலேஜ் ஏறும், நாக்கிங் நிற்கும், எஞ்சினின் ஆயுள் நீளும் என்று அந்தப் புட்டிகள் வாக்களிக்கின்றன. வாங்குபவருக்கோ அந்த வாக்குகளைச் சரிபார்க்கும் வழி எதுவும் கையில் இல்லை. இந்த அவைக்கு வந்திருப்போரில் பலர் இருசக்கர வண்டியில்தான் வந்திருக்கக்கூடும் என்பதால், இவ்வுரை எடுத்துக்கொண்ட வினா அவர்களுடைய அன்றாடத்தைச் சார்ந்தது: தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, எந்த மாற்றமும் செய்யப்படாமல் ஓடும் ஒரு வண்டிக்கு இப்புட்டிகளால் பயன் உண்டா? ஆக்டேன் பூஸ்டரைப் பொறுத்தவரை பயன் இல்லை என்பதும், அவற்றுள் ஒரு வகை வண்டிக்கும் மனிதருக்கும் தீங்கு செய்ய வல்லது என்பதும், எஞ்சினைத் தூய்மை செய்யும் சேர்க்கைப்பொருள்களுக்கு மட்டும் குறுகிய அளவில் ஓர் இடம் உண்டு என்பதும் இவ்வுரையின் நிலைப்பாடு.

பெட்ரோல் எஞ்சினில், எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவை சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டு, மேலேறும் பிஸ்டனால் அழுத்தப்பட்டு, பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பாக ஸ்பார்க் பிளக்கின் பொறியால் பற்றவைக்கப்படுகிறது. அப்பொறியிலிருந்து கிளம்பும் தீ, சிலிண்டரின் ஓரம் நோக்கி ஒழுங்காகப் பரவ, எரிந்த வாயுவின் அழுத்தம் சீராக உயர்ந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது, நான்கு ஸ்ட்ரோக் வண்டியின் ஒரு சிலிண்டரில் இந்த எரிதல் நொடிக்கு 50 முறை நிகழ்கிறது. ஒவ்வொரு முறையும் அதற்குக் கிடைப்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். தீ பரவிக்கொண்டிருக்கும்போதே, அது இன்னும் எட்டாத ஓரத்தில் எஞ்சியிருக்கும் கலவை, சுற்றியுள்ள வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானாகவே வெடித்து எரிந்துவிடுவதும் உண்டு. அப்போது எழும் அழுத்த அலைகள் சிலிண்டரின் சுவரிலும் பிஸ்டனின் தலையிலும் மோதும் ஒலியே மெக்கானிக்குகள் நாக்கிங் என்று அழைக்கும் ‘கிணுகிணு’ ஓசை. வழக்கமான எரிதலின்போது உலோகத்தை ஒட்டி நிற்கும் மெல்லிய வாயுப்படலம் வெப்பத்தை ஓரளவு தடுத்துக் காக்கிறது. நாக்கிங் அந்தப் படலத்தைச் சிதைத்துவிடுவதால் வெப்பம் நேரடியாக உலோகத்தில் ஏறுகிறது. கடுமையான நாக்கிங் நீடித்தால் பிஸ்டனின் விளிம்பு அரிக்கப்பட்டு, ரிங் உட்காரும் பள்ளங்கள் உடையும்.

நாக்கிங்குக்கு எரிபொருள் எந்த அளவு தாக்குப்பிடிக்கும் என்பதைக் குறிக்கும் அளவுகோலே ஆக்டேன் எண். 1927-இல் அமெரிக்க வேதியியலர் கிரஹாம் எட்கர் இதற்கு இரண்டு தூய திரவங்களை எல்லைகளாக வைத்தார்: நாக்கிங்கை நன்றாகத் தாங்கும் ஐசோ-ஆக்டேனுக்கு 100, சற்றும் தாங்காத ஹெப்டேனுக்கு 0. அக்காலத்தில் தூய ஹெப்டேன் கிடைத்த இடம், கலிபோர்னியாவில் வளரும் ஜெஃப்ரி பைன் மரத்தின் பிசின் என்பது இவ்வரலாற்றின் சுவையான ஒரு செய்தி. சோதனைக்குரிய பெட்ரோலை, அழுத்த விகிதத்தை விரும்பியபடி ஏற்றி இறக்கக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் ஓட்டி, அது எந்த விழுக்காட்டு ஐசோ-ஆக்டேன், ஹெப்டேன் கலவையைப் போல நடந்துகொள்கிறது என்று ஒப்பிட்டு எண் தரப்படுகிறது. நிமிடத்துக்கு 600 சுற்றில் நடக்கும் சோதனையின் விடை ஆர்.ஓ.என். என்றும், 900 சுற்றில், சூடேற்றப்பட்ட கலவையோடு நடக்கும் கடினமான சோதனையின் விடை எம்.ஓ.என். என்றும் வழங்குகின்றன. இந்தியாவில் பெட்ரோல் பங்குகள் குறிப்பிடுவது ஆர்.ஓ.என்.; அமெரிக்கப் பங்குகள் இரண்டின் சராசரியைக் குறிப்பிடுகின்றன. ஆகவே அங்கே 87 என்று எழுதியிருக்கும் பெட்ரோலை இங்குள்ள 91-ஐவிடத் தாழ்ந்தது என்று கொள்வது பிழை. இரண்டும் ஏறத்தாழ ஒரே தரத்தவை.

இந்த எண்ணுக்கும் பெட்ரோலில் அடங்கிய ஆற்றலுக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பதை எத்தனால் ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகிறது. எத்தனாலின் ஆக்டேன் எண் 108-ஐத் தாண்டும். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. அதனால்தான் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, அதற்கெனச் சீரமைக்கப்படாத இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 விழுக்காடு குறையலாம் என்று நிதி ஆயோக்கின் எத்தனால் திட்ட அறிக்கையே மதிப்பிட்டது. ஆக்டேன் கூடி மைலேஜ் குறையும் இந்த நிலையை ஒவ்வொருவரும் தம் டேங்கிலேயே வைத்துக்கொண்டிருக்கும் காலத்தில், ஆக்டேன் கூடினால் மைலேஜ் கூடும் என்று ஒரு புட்டி சொல்வது ஏற்கத்தக்கதன்று.

அப்படியானால் ஆக்டேனால் சக்தி கூடுவதே இல்லையா என்ற வினா எழும். கூடும், ஆனால் அது எஞ்சினை வடிவமைப்பவரின் மேசையில் நிகழும் காரியம். சிலிண்டரின் முழுக் கொள்ளளவு, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது எஞ்சும் கொள்ளளவைப்போல் எத்தனை மடங்கு என்பதை அழுத்த விகிதம் என்பர். அந்த விகிதம் உயர உயர, ஒரே அளவு எரிபொருளிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கும்; கூடவே நாக்கிங்கின் வாய்ப்பும் ஏறும். எனவே, நாட்டில் கிடைக்கும் பெட்ரோல் தாங்கும் அளவுக்கே வடிவமைப்பாளர் விகிதத்தை ஏற்றுகிறார். திருவொற்றியூரில் 1950-களிலிருந்து உருவான பழைய வார்ப்பிரும்பு புல்லட்டின் அழுத்த விகிதம் 7-க்கும் கீழே இருந்தது. இன்றைய 350 சிசி ராயல் என்ஃபீல்டில் அது 9.5, யமஹா ஆர்15-இல் 11.6; கேடிஎம் 390 ட்யூக்கில் 12.5-ஐத் தாண்டும். பழைய புல்லட்டில் 100 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினாலும் அதன் அழுத்த விகிதம் ஒரு புள்ளிகூட நகராது. பொறி பறக்கும் நேரமும் மாறாது. ஆகவே பிஸ்டனைத் தள்ளும் விசையும் மாறாது. நாக்கிங் இல்லாமல் ஓடும் எஞ்சினுக்கு நாக்கிங்கைத் தடுக்கும் மருந்தால் ஆவது ஒன்றுமில்லை.

கார்களைப் பற்றிய பேச்சு இங்கேதான் பைக்குகளின் விஷயத்தில் தவறாகக் கடன் வாங்கப்படுகிறது. இன்றைய கார்கள் பலவற்றில் நாக் சென்சார் என்னும் உணரி, எஞ்சினின் அதிர்வைக் கேட்டுக்கொண்டேயிருந்து, நாக்கிங் தொடங்கினால் பொறியின் நேரத்தைப் பின்தள்ளியும், உயர்ந்த பெட்ரோல் கிடைத்தால் முன்தள்ளியும் சரிசெய்கிறது. அவ்வகை எஞ்சின் கூடுதல் ஆக்டேனைக் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளும். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சிறு, நடுத்தர பைக்குகளில் அந்த உணரி கிடையாது. அவற்றின் சிடிஐ பெட்டியோ இசியு என்னும் மின்னணுக் கட்டுப்பாட்டகமோ, எஞ்சின் வேகத்தையும் ஆக்சிலரேட்டரின் திறப்பையும் பார்த்து, முன்பே எழுதிவைக்கப்பட்ட அட்டவணைப்படி பொறியை விடுகிறது. டேங்கில் இருப்பது 91 ஆக்டேனா 97 ஆக்டேனா என்பதை அறிய அதற்கு வழியில்லை. அமெரிக்காவில் எக்ஸான் நிறுவனம் தன் உயர் ஆக்டேன் பெட்ரோலைப் பற்றி வெளியிட்ட விளம்பரங்கள் ஆதாரமற்றவை என்று அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1996-இல் வழக்குத் தொடுத்ததும், பெரும்பாலான கார்களுக்குச் சாதாரணப் பெட்ரோலே போதும் என்று சொல்லும் விளம்பரத்தை வெளியிட நிறுவனம் 1997-இல் உடன்பட்டதும் இங்கே நினைவுகூரத் தக்கவை.

இந்திய நிலவரத்தில் ஒரு பெரிய மாற்றம் நடந்துமுடிந்ததைப் பலர் கவனிக்கவில்லை. முன்பு 88 ஆர்.ஓ.என். ஆக இருந்த சாதாரணப் பெட்ரோலுக்கு, 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 தரத்தின்கீழ் குறைந்தபட்ச எண் 91. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பிறகு அது 95-ஐ எட்டியிருப்பதாகப் பெட்ரோலிய அமைச்சகம் தெரிவித்துள்ளது. அதாவது, புட்டியை வாங்குபவர் நாடும் ஆக்டேன் ஏற்றம் பங்கின் நிலத்தடித் தொட்டியிலேயே முடிந்துவிட்டது. அதற்கும் மேல் வேண்டுவோருக்கு இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகியவற்றின் சில பங்குகளில் 97, 99, 100 என்ற எண்களிலும் பெட்ரோல் கிடைக்கிறது. இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 டிசம்பரில் அறிமுகமானது. வண்டியோடு தரப்படும் கையேட்டில் குறைந்தபட்சமாக எந்த எண் குறிக்கப்பட்டுள்ளதோ அதை நிறைவுசெய்யும் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும்போது, அதற்குமேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் எஞ்சின் கேட்காத ஒன்றுக்காகச் செலவாகிறது.

இனி, புட்டிக்குள் இருப்பது என்ன என்று பார்க்கலாம். ஆக்டேனை உயர்த்தும் பொருள்கள் இரு வகை. டொலுயீன், சைலீன் போன்ற நறுமண ஹைட்ரோகார்பன்களும் ஆல்கஹால்களும் முதல் வகை. இவை தம் சொந்த ஆக்டேன் எண் உயர்ந்திருப்பதால், கலக்கும் அளவுக்கேற்பப் பெட்ரோலின் எண்ணைத் தூக்கும். ஒரு கணக்கு இதன் வலிமையைத் தெளிவாக்கும். டொலுயீனின் ஆக்டேன் எண்ணை 115 என்று கொண்டு, 91 ஆக்டேன் கொண்ட 10 லிட்டர் பெட்ரோலை 95 ஆக்க வேண்டுமானால், ஊற்ற வேண்டிய டொலுயீன் 2 லிட்டர். 100 மில்லி புட்டி ஒன்றை முழுக்கக் கவிழ்த்தால் 91 என்பது 91.24 ஆகும். கடலில் கரைத்த பெருங்காயம் இதைவிட வேறு எப்படி இருக்கும்! 1988-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஹோண்டாவின் டர்போ எஞ்சின் குடித்த எரிபொருளில் 84 விழுக்காடு டொலுயீன் இருந்தது. அப்பொருளை உண்மையாகவே பயன்படுத்த விரும்புவோர் எந்த அளவில் பயன்படுத்த நேரும் என்பதற்கு அது சான்று.

விளம்பரத்தில் வரும் ‘30 பாயிண்ட் உயர்வு’ என்பதையும் இந்த இடத்தில் விளக்கிவிட வேண்டும். இத்தொழிலின் வழக்கில் ஒரு பாயிண்ட் என்பது பெரும்பாலும் ஆக்டேன் எண்ணில் பத்தில் ஒரு பங்கு. 30 பாயிண்ட் என்றால் 91 என்பது 94 ஆகும், 121 ஆகாது. அந்த 3 எண் உயர்வும் சோதனைக்கூடத்துப் பெட்ரோலில், குறித்த அளவில் கலந்தபோது கிடைக்கும் உச்சமாகவே இருக்கும்.

சிறு அளவிலேயே வேலை செய்ய வல்லவை இரண்டாம் வகைப் பொருள்கள். இவற்றுள் முதன்மையானவை உலோகத்தைத் தாங்கிய சேர்மங்கள். மாங்கனீசு அடங்கிய எம்எம்டி, இரும்பு அடங்கிய ஃபெரோசீன் ஆகிய இரண்டும் இன்று புட்டிகளில் காணப்படுபவை. இவை எரியும்போது உண்டாகும் உலோக ஆக்சைடு நுண்துகள்கள், ஓரத்துக் கலவை தானாக வெடிப்பதற்கு முன் நிகழும் வேதிச் சங்கிலியை இடைமறிப்பதால் நாக்கிங் உண்மையிலேயே தள்ளிப்போகிறது. ஆனால் உலோகம் எரிந்து மறையும் பொருள் அன்று. ஒரு பகுதி புகைப்போக்கி வழியே வெளியேற, மறுபகுதி எஞ்சினுக்குள்ளேயே படிகிறது. ஆரோக்கியமான எஞ்சினிலிருந்து கழற்றிய பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மூக்கு இளம் காப்பி நிறத்தில் இருக்கும். கருமை படிந்தால் கலவையில் பெட்ரோல் மிகுதி என்றும், வெளுத்திருந்தால் குறைவு என்றும் அனுபவமுள்ள மெக்கானிக் அதைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். உலோகப் பூஸ்டர் ஊற்றிய வண்டியின் பிளக்கிலோ பீங்கான் முழுவதும் செங்கல்பொடி பூசியதுபோன்ற செந்நிறப் படிவு தென்படும். இரும்பு ஆக்சைடு மின்சாரத்தை ஓரளவு கடத்துவதால், பொறி தன் இடைவெளியில் பறக்காமல் அந்தப் படிவின் வழியே கசிந்துவிடுகிறது. வண்டி மிஸ் ஆகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. நிறத்தைக் கொண்டு நோயறியும் மெக்கானிக்கின் கண்ணுக்கும் அந்தச் செந்நிறம் திரைபோட்டுவிடுகிறது. பிஎஸ்-6 வண்டிகளில் இழப்பு இன்னும் பெரிது. புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றும் கேடலிடிக் கன்வெர்ட்டரின் நுண்துளைகளையும், இசியு-வுக்குச் செய்தி சொல்லும் ஆக்சிஜன் சென்சாரையும் இதே படிவு மூடுகிறது. இவற்றை மாற்றும் செலவை நினைத்தால், புட்டியின் விலை அற்பம். உலகின் வாகனத் தயாரிப்பாளர்கள் ஒன்றுகூடி வெளியிடும் உலக எரிபொருள் சாசனம் உலோகச் சேர்க்கைகளை வேண்டாம் என்று வலியுறுத்துவதும், ஐரோப்பிய ஒன்றியம் பெட்ரோலில் மாங்கனீசுக்கு 2014 முதல் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற உச்சவரம்பை வைத்திருப்பதும் இந்த அனுபவத்தின் விளைவுகள்.

உலோகத்தைக் கலந்து ஆக்டேனை ஏற்றும் வழிக்கு ஒரு நீண்ட, துயரமான முன்வரலாறு உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் லெட் என்னும் ஈயச் சேர்மம் நாக்கிங்கை அடக்குவதை 1921 டிசம்பரில் கண்டார். 1923-இல் ஒஹையோ மாநிலத்தின் டேடன் நகரில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்களில் ஐவர் ஈய நஞ்சால் சித்தம் கலங்கி இறந்தனர். ஈயம் நஞ்சு என்பது அப்போது அறியாத செய்தி அன்று. எத்தனாலும் ஆக்டேனை ஏற்றும் என்பதும் தெரிந்தே இருந்தது. மலிவும் காப்புரிமையும் வென்றன. அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகின் தெருக்களில் எல்லாம் ஈயத்தூள் படிந்தது. புவிவேதியியலர் கிளேர் பேட்டர்சன் 1960-களில் அதன் பரவலை அளந்து எச்சரித்தபோது தொழில்துறை அவரை எதிர்த்தது. வளரும் குழந்தைகளின் மூளையை ஈயம் மீளாத வகையில் பாதித்தது. இந்தியாவில் ஈயமற்ற பெட்ரோல் 1995-இல் நான்கு பெருநகரங்களில் அறிமுகமாகி, 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் கட்டாயமானது. கடைசி நாடான அல்ஜீரியா 2021 ஜூலையில்தான் ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. மாங்கனீசை ஈயத்தோடு ஒன்றாக வைத்து எண்ணுவது மிகை. எனினும், மாங்கனீசுப் புகையையும் தூளையும் அதிக அளவில் சுவாசித்த சுரங்கத் தொழிலாளர்களிடமும் வெல்டிங் செய்வோரிடமும் நரம்பு நோய் தோன்றுவது மருத்துவம் நன்கறிந்த உண்மை. அப்படியிருக்க, தேவையே இல்லாத ஒரு வண்டியில் அதைச் சேர்த்து, பின்னால் வரும் பள்ளிக் குழந்தையின் முகத்தில் ஊதுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

பூஸ்டர் வாங்குவோர் கூறும் காரணங்களுள் மலைப் பயணம் தனித்துப் பேசத் தக்கது, ஏனெனில் அங்கே நம்பிக்கையும் இயற்பியலும் நேரெதிராக நிற்கின்றன. லடாக்குக்குப் பைக்கில் செல்வோர், உயரத்தில் வண்டி இழுக்காது என்று அஞ்சிப் பையில் பூஸ்டர் புட்டிகளை அடுக்கிச் செல்வதுண்டு. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. 5,350 மீட்டரைத் தாண்டும் கார்துங் லா கணவாயில் அது பாதி. ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் நுழையும் காற்று அந்த அளவுக்குக் குறைவதால் எஞ்சினின் சக்தி குறைகிறது. அதே காரணத்தால், பிஸ்டன் அழுத்தி முடிக்கும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தமும் குறைந்து, நாக்கிங்கின் வாய்ப்பு சுருங்குகிறது. உயரம் ஏற ஏற எஞ்சினுக்கு வேண்டிய ஆக்டேன் இறங்கவே செய்கிறது. அமெரிக்காவின் ராக்கி மலை மாநிலங்களில் சாதாரணப் பெட்ரோல் பிற இடங்களின் 87-க்குப் பதிலாக 85 என்ற எண்ணில் விற்கப்படும் வழக்கம் இதன்மேல் எழுந்ததுதான். கார்துங் லாவில் திணறும் வண்டிக்குக் குறைவாக இருப்பது ஆக்சிஜன். அதை எந்தப் புட்டியாலும் தர முடியாது. கார்புரேட்டர் வண்டியானால், காற்றுக் குறைந்த இடத்தில் பெட்ரோல் மிகுந்துபோகும் கலவையைச் சிறிய ஜெட் பொருத்திச் சரிசெய்யலாம்; இன்ஜெக்‌ஷன் வண்டி அதைத் தானே செய்துகொள்ளும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நிலைமை சற்று வேறு. அங்கே உயரம் அவ்வளவு இல்லை. சித்திரை வெயிலில், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, மூன்றாம் கியரிலேயே ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகி வளைவை ஏற முயலும் வண்டியில் நாக்கிங் கேட்கும். எஞ்சினின் சுற்று குறைந்து சுமை கூடும்போது ஓரத்துக் கலவைக்குத் தானாக வெடிக்கப் போதிய நேரம் கிடைத்துவிடுவதே காரணம். ஒரு கியரைக் குறைத்து எஞ்சினைச் சுற்றவிட்டால் ஓசை அடங்கும். இந்த மருந்துக்குக் காசு வேண்டாம். ஆயினும் இதைச் சொல்லிக்கொடுப்பவர் குறைவு, புட்டியை விற்பவர் அதிகம்.

சமவெளியில், இயல்பான ஓட்டத்திலேயே ஒரு வண்டி நாக்கிங் செய்தால் அது தேடிக் கண்டறிய வேண்டிய நோய். வருடக்கணக்கில் சிலிண்டர் தலையில் படிந்த கார்பன், உள் இடத்தைச் சுருக்கி அழுத்த விகிதத்தை ஏற்றியிருக்கலாம். வண்டிக்குரிய வெப்ப எண் இல்லாத பிளக் மாட்டப்பட்டிருக்கலாம். காற்றால் குளிரும் எஞ்சினின் விசிறிப் பட்டைகளில் சேறு அடைத்திருக்கலாம். கார்புரேட்டரில் கலவை மெலிந்திருக்கலாம். பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கவும் கூடும். மண்ணெண்ணெயின் ஆக்டேன் எண் மிகத் தாழ்ந்தது என்பதால், சிறு கலப்படமும் நாக்கிங்கை வரவழைக்கும். பங்கில் ஐயம் எழுந்தால் வடிதாள் சோதனை கேட்பது நுகர்வோரின் உரிமை: நாசிலின் வாயைத் துடைத்துவிட்டு ஒரு துளியை வடிதாளில் விட்டால், தூய பெட்ரோல் ஓரிரு நிமிடங்களில் கறையின்றி ஆவியாகிவிடும், கலப்படப் பெட்ரோல் எண்ணெய்க் கறையை விட்டுச்செல்லும். அன்றைய அடர்த்தியையும் பங்கு காட்ட வேண்டும். பதிவான அடர்த்திக்கும் சோதித்த அடர்த்திக்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வேறுபாடு இருக்கலாகாது. இந்தச் சோதனைகளைக் கேட்டுப் பெறும் பழக்கம் பரவினால், கலப்படத்தைப் பூஸ்டரால் ஈடுகட்டும் அவலம் ஒழியும்.

எஞ்சினைத் தூய்மை செய்யும் சேர்க்கைப்பொருள்கள் வேறு இனத்தவை. அவற்றைப் பூஸ்டரோடு சேர்த்து ஒதுக்குவது நியாயம் ஆகாது. பாலிஈதர் அமீன் போன்ற மூலக்கூறுகளின் ஒரு முனை படிவைப் பற்றிக்கொள்ள, மறுமுனை பெட்ரோலில் கரைந்து நின்று அதைப் பெயர்த்தெடுக்கும். இன்ஜெக்டரின் மயிரிழைத் துளைகளில் பிசின் படிந்து, தெளிப்பு சீர்கெட்டு, ஐடிலிங்கில் வண்டி தடுமாறத் தொடங்கியிருந்தால், கையேடு தடைசெய்யாத நிலையில், இவ்வகைத் தூய்மையூட்டி ஒன்றை ஒரு டேங்குக்கு ஊற்றிப் பார்ப்பதில் தவறில்லை. அடைப்பு முற்றிவிட்ட இன்ஜெக்டரையும், மாதக்கணக்கில் நின்ற வண்டியின் கார்புரேட்டரில் பச்சை படிந்து மூடிய பைலட் ஜெட்டையும் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். பங்குகளில் விற்கும் உயர்வகைப் பெட்ரோல்கள் பலவற்றில் தூய்மையூட்டி ஏற்கெனவே கலக்கப்பட்டே வருகிறது.

எத்தனால் வந்தபின் தோன்றிய புதிய வகைப் புட்டிகள் நீரை நீக்குவதாகவும் எத்தனாலின் தீமையைப் போக்குவதாகவும் சொல்கின்றன. நீரை நீக்கும் புட்டிகள் பலவற்றில் உள்ளிருப்பது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போன்ற ஓர் ஆல்கஹால். ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே ஆல்கஹாலாக உள்ள பெட்ரோலில் மேலும் ஒரு கரண்டி ஆல்கஹாலை ஊற்றி ஆவது சொற்பம். நீர் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். அந்நிலையில் டேங்கை முழுக்க வடித்துக் காயவைப்பதைத் தவிர வழியில்லை. ஐப்பசி மழையில் நீர் புகுவதற்குப் பெரும்பாலும் காரணம் டேங்க் மூடியின் ஓரத்திலுள்ள சிறு வடிகால் துளை மண்ணால் அடைபட்டிருப்பதே. ஒரு மெல்லிய கம்பியால் அதைக் குத்திவிடுவது போதும். 2023 ஏப்ரலுக்கு முற்பட்ட பல வண்டிகளில், இந்தக் கலப்புக்கென உருவாக்கப்படாத ரப்பர் ஹோஸ்களும் சீல்களும் எத்தனாலால் உப்பி, வெடித்துக் கசியக்கூடும். அவற்றை மாற்றுவதே தீர்வு. பெட்ரோல் கசிவு தீவிபத்தில் முடியலாம் என்பதால், புட்டியை நம்பி இதைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது. டேங்கில் பாச்சை உருண்டை போடும் பழைய வழக்கத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை: நாஃப்தலீன் பெட்ரோலில் கரையும், பெட்ரோல் ஆவியாகும் இடத்தில் மீண்டும் படிகமாகி ஜெட்டை அடைக்கும்.

உயர் ஆக்டேன் உண்மையிலேயே வேண்டிய வண்டிகளும் உண்டு. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடுவதற்காக அழுத்த விகிதத்தை உயர்த்திய எஞ்சினும், சிலிண்டர் ஹெட்டைச் சீவிக் குறைத்த பழைய ஆர்எக்ஸ் 100-உம் அவ்வகை. அவற்றுக்கும் பங்கில் கிடைக்கும் 97, 99, 100 ஆக்டேன் பெட்ரோலே பொருத்தம். அளவும் தரமும் சோதிக்கப்பட்ட எரிபொருளை விட்டுவிட்டு, உள்ளடக்கம் தெரியாத புட்டியை நம்பி விலையுயர்ந்த எஞ்சினைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. சேர்க்கைப்பொருள் என்று ஒதுக்கிவிடக் கூடாத ஒன்றும் உண்டு: ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில், பெட்ரோலோடு சேர்ந்தே எரியும் 2டி ஆயில் கட்டாயத் தேவை. அதன் அளவைக் குறைத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் புட்டிகள் விற்பனையில் இருக்கப்போகின்றன. ஆகவே, பாக்கெட் உணவுகளில் உள்ளடக்கத்தை அச்சிடச் செய்ததுபோல, எரிபொருள் சேர்க்கைப்பொருள்களின் உறையிலும் மூன்று செய்திகள் கட்டாயமாக வேண்டும்: உள்ளே இருக்கும் ஆக்டேன் ஏற்றும் பொருளின் பெயர், அதில் மாங்கனீசு, இரும்பு உள்ளிட்ட உலோகம் உண்டா, உண்டென்றால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது, இன்ன ஆர்.ஓ.என். கொண்ட இத்தனை லிட்டர் பெட்ரோலில் ஊற்றினால் இன்ன ஆர்.ஓ.என். ஆகும் என்று அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடம் ஒன்று தந்த அளவு. அந்த ஏற்பாடு வரும்வரை, இந்த மூன்றையும் கடைக்காரரிடம் கேட்டு, விடை கிடைக்காத புட்டியை வாங்காமல் திரும்புவது பைக் ஓட்டுவோர் ஒவ்வொருவராலும் இன்றே இயலும்.